ஒருவழி கேபிள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்காசியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் டிடிபி கடை வைத்திருக்கிறேன். எனக்கு மானிட்டர் என்றாலே நீல நிற விஜிஏ பிளக்தான்: 15 பின், இரு பக்கமும் திருகு. 1987இல் வந்த அனலாக் சமாசாரம். சிவப்புக்கான பின் சரியாகப் பதியாவிட்டால் மஞ்சள் பத்திரிகை பச்சையாகத் தெரியும். தட்டிச் சரிசெய்துகொள்வேன்.

போன மாதம் புது மானிட்டர் வாங்கினேன். அதன் ஒரே எச்டிஎம்ஐ துளையில் சிசிடிவி பெட்டி குடியேறிவிட்டது, மிச்சம் இருந்தது டிஸ்ப்ளேபோர்ட் என்கிற வேறு வகைப் படத்துளை. கம்ப்யூட்டரிலோ எச்டிஎம்ஐ மட்டும். சரி என்று இரண்டு முனையும் பொருந்துகிற கேபிள் ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி மாட்டினால், திரை கும்மிருட்டு!

அப்புறம்தான் தெரிந்தது, அது ஒருவழிப்பாதை. டிஸ்ப்ளேபோர்ட் உள்ள கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ மானிட்டருக்குப் படம் போகும், தலைகீழாகப் போகாது. அதற்குத் தனியாக மின்சாரம் எடுக்கும் கன்வர்ட்டர் வேண்டும். கடைக்காரர் 'பிரித்த பொருள் வாபஸ் இல்லை' என்றுவிட்டார். டைப்-சி கதை இன்னும் மோசம்: எல்லாத் துளையும் ஒன்றுபோல இருக்கும், சிலதில்தான் படம் வரும்.

கேபிள் அட்டையில் ஓர் அம்புக்குறி அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்? அச்சுத் தொழிலில் இருப்பவன் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி