செம்பாலைக்குக் கரி எங்கிருந்து வந்தது?

நாச்சியார்கோவில்

அன்புள்ள ஸ்டெல்லா,

நீ எழுத, மரியா வரைந்த நம் செம்பாலைப் படக்கதையின் முதல் அத்தியாயம் வந்துவிட்டது. போன் திரையில் பார்த்து மனம் ஆறவில்லை. கடைத்தெருவில் கொடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் பெரிதாக அச்செடுத்து வாங்கி வந்தேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. குமாருக்கு இந்த வருஷமும் மாற்றல் இல்லை. உன் மாமியார் விஷயம் எழுத்தில் வேண்டாம், நேரில் பேசுவோம்.

நேராகச் செம்பாலைக்கு வருகிறேன்.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நாம் மூன்று பேரும் ஒளித்து வைத்திருந்த நாடு, பிச்சைமுத்து சார் கிழித்துப் போட்டும் மறுநாளே திரும்பி வந்த நாடு, இத்தனை வருஷம் கழித்து எழுந்து நிற்கிறது. ஏழுலை நகரத்தின் கோட்டைவாசலைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வறண்ட ஆற்றைச் சேவியர் அண்ணன் எப்போதும் இடப்பக்கமாகத்தான் வளைப்பார். மரியாவும் அப்படியே வளைத்திருக்கிறாள். அண்ணன் போட்ட பழைய வரைபடத்தை அவளுக்குக் காட்டினாயா, இல்லை தானாகவே கைக்கு வந்ததா? கழுதை வரிச் சாவடியை மறக்காமல் வரைந்ததற்கு அவளுக்கு என் சார்பில் ஒரு முத்தம் கொடு.

சரி, இனி சண்டை. படத்தோடு இல்லை, உன் கதையோடு.

முதலில் இதைச் சொல்: அரசன் எங்கிருந்து வந்தான்? செம்பாலையை ஆண்டது பதின்மர் சபை. பத்துப் பேரும் வணிகர்கள். எட்டாம் வகுப்பிலேயே சத்தியம் செய்து முடிவு பண்ணியது. நீ பாட்டுக்கு இரண்டாம் பக்கத்தில் ஒருவனுக்குக் கிரீடம் வைத்து உட்கார வைத்திருக்கிறாய். படிக்கிறவர்களுக்குப் புரிய ஒரு ராஜா வேண்டும் என்பாய். வேண்டவே வேண்டாமடி. வணிகர்கள் ஆண்ட ஊர் எப்படி இருக்கும் என்பதற்கு நிஜப் பாலைவனத்திலேயே சான்று கிடக்கிறது.

சிரியப் பாலையின் பால்மைராவை எடுத்துக்கொள். ரோமப் பேரரசுக்கு உட்பட்ட ஊர்தான், ஆனால் ஊரின் பெருமையெல்லாம் ஒட்டகச் சாத்துகளில்தான், அதாவது சரக்கேற்றிப் போகும் வணிகக் கூட்டங்களில்தான் இருந்தது. சாத்தைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்த தலைவனுக்கு ஊர்ச்சபை சிலை வைத்துக் கல்வெட்டும் வெட்டியது. சிலை வைப்பதற்கென்றே பெருந்தெருத் தூண்களின் நடுவில் கல் தாங்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வரி வாங்குகிறவர்களுக்கும் வணிகர்களுக்கும் ஓயாமல் தகராறு வரவே, கி.பி. 137-இல் அந்தச் சபை வரிப் பட்டியல் முழுவதையும் கிரேக்க மொழியிலும் தங்கள் அரமேய மொழியிலும் ஒரு பெரிய கல்லில் வெட்டி வைத்தது. அந்தக் கல் இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருக்கிறது. வாசனைத் தைலம் வெள்ளைக்கல் பரணியில் ஊருக்குள் வந்தால் ஒட்டகச் சுமைக்கு 25 தினாரியம் (ரோம வெள்ளிக்காசு), ஆட்டுத்தோல் பையில் வந்தால் 13. ஊர் ஊற்றுத் தண்ணீரைப் பயன்படுத்த வருஷத்துக்கு 800. வெண்கலச் சிலை கொண்டுவந்தால் அதை வெறும் வெண்கலமாகவே கணக்கிட வேண்டும், ஒரு சிலைக்கு அரைச் சுமை வரி. கழுதைச் சுமைக்கும் வரி உண்டு! நாம் விளையாட்டாக வைத்ததை அவர்கள் நிஜமாகவே வைத்திருந்தார்கள். அண்ணனுக்கு இது தெரிந்திருந்தால் ஒரு வாரம் நம்மைத் தூங்க விட்டிருக்க மாட்டார்.

ராஜா இல்லாமல் முடியாது என்று நீ அடம்பிடித்தால், பெட்ரா என்ற பாலை நகரத்தின் நபதேய மக்கள் வைத்திருந்த மாதிரி ஒரு ராஜாவை வை. கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே சொத்தைக் குறைத்துக்கொண்டவனுக்கு ஊரார் அபராதம் போடுவார்கள், பெருக்கியவனுக்கு மரியாதை செய்வார்கள். அரசன் விருந்தில் தானே எழுந்து பரிமாறுவான். மக்கள் சபையில் தன் நடத்தைக்குக் கணக்கு ஒப்புவிப்பான். கிரீடத்தைக் கழற்றிவிட்டு இவனைப் போடு, நான் வாய் திறக்க மாட்டேன்.

அடுத்ததுதான் பெரியது. இதற்காகத்தான் இந்தக் கடிதமே.

மூன்றாம் பக்கத்தில் நூறு உலைகள் ஒரே நேரத்தில் புகைகின்றன. அற்புதமான படம். பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்கப் பார்க்க மனதில் ஒரே கேள்வி: இத்தனை உலைக்கும் கரி எங்கே? உனக்கு அப்பாவின் பட்டறை நினைவிருக்கும். பித்தளை விலை ஏறினால் அப்பா முணுமுணுப்பார், அவ்வளவுதான். கரி வண்டி வராத அன்றைக்குத்தான் பட்டறை ஓயும், துருத்தி ஓயும், வீடும் ஓயும். காவிரி வண்டலும் மரமும் இருக்கிற ஊரிலேயே அந்தப் பாடு என்றால், பாலையில்? செம்பு உருகவே 1085 டிகிரி வேண்டும். கல்லிலிருந்து செம்பைப் பிரிக்க அதற்கும் மேலே போக வேண்டும். அந்தச் சூட்டை விறகு தராது, கரிதான் தரும். ஒரு பங்கு கரிக்கு ஐந்தாறு பங்கு விறகைச் சுட வேண்டும். மழையில்லாத மண்ணில் ஒரு வேலமரம் ஆளுயரம் எழவே எத்தனை வருஷம் ஆகும், யோசி.

இதைத் தேடிக்கொண்டு போனபோதுதான் திம்னாவைக் கண்டேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அக்காபா வளைகுடாவிலிருந்து சாக்கடல்வரை அராபா என்ற நீண்ட வறண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. கிழக்கே ஜோர்தான் பக்கம் ஃபைனான், தெற்கே இஸ்ரேல் பக்கம் திம்னா. இரண்டும் செம்பு விளைந்த இடங்கள். ஃபைனானில் மிகப் பழைய காலத்தில் உலைகளை மேட்டு விளிம்பில் கட்டிக் காற்றையே துருத்தியாக வைத்துக்கொண்டார்கள். (மரியாவிடம் சொல், சில உலைகளையாவது மேட்டில் ஏற்றட்டும். இலங்கையின் சமனலவெவவில்கூட மலைச்சரிவில் பருவக்காற்றைப் பிடித்தே எஃகு எடுத்திருக்கிறார்கள்.) திம்னாவில் ஒரு குன்றுக்கு அடிமைகள் குன்று என்று பெயர். 1930-களில் அங்கே போன நெல்சன் குளூக் என்ற அமெரிக்க ஆய்வாளர், குன்றைச் சுற்றி மதில் இருப்பதைப் பார்த்து, உள்ளே அடிமைகளை அடைத்து வேலை வாங்கியிருப்பார்கள் என்று நினைத்து வைத்த பெயர். பிற்பாடு நன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். உலைக்காரர்கள் தின்றுபோட்ட எலும்பெல்லாம் நல்ல கறித்துண்டுகளின் எலும்பு. மத்தியதரைக் கடல் மீனின் முள்ளும் அங்கே கிடந்தது. கழுதைச் சாணத்தைச் சோதித்தால், வடக்கே 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த வைக்கோலும் திராட்சைச் சக்கையும். தண்ணீரே இல்லாத இடத்தில் இத்தனையும்! சுமார் 3000 வருஷத்துக்கு முந்தைய துணித்துண்டுகளும் கிடைத்தன. கடல் நத்தையிலிருந்து எடுத்த ஊதாச் சாயம் அதில் ஏறியிருக்கிறது. அரசரும் குருமாரும் உடுத்திய சாயம் அது.

உன் கதையின் உலைக்காரன் வைரனை நீ சங்கிலியில் கட்டி உலைமுன் நிறுத்தியிருக்கிறாய். அவிழ்த்துவிடு, ஸ்டெல்லா. இந்த வேலை தெரிந்தவனை யாரும் கட்டிப்போட்டு வேலை வாங்க முடியாது. அப்பா மூசைக்குள், அதாவது உலோகம் உருக்கும் மண்கலத்துக்குள் எட்டிப் பார்த்து, உருகிய பித்தளையின் நிறத்தை வைத்தே இப்போது ஊற்றலாம், இன்னும் ஆகட்டும் என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது. அந்தக் கண்ணுக்காகத்தான் பாலையின் நடுவில் கடல் மீன் வந்து இறங்கியது. வைரனுக்கு நல்ல சாப்பாடு போடு. நல்ல துணி கட்டிவிடு.

இப்போது கரிக்கு வருகிறேன். திம்னாவில் கிட்டம் என்ற உலைக்கழிவு குவிந்த மேடுகளில் கிடந்த கரித்துண்டுகளை எடுத்து, எந்த மரத்துக் கரி என்று ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆரம்ப காலக் கரி வேலமரமும் சூரைச்செடியும். ஆமாம், பைபிளில் எலியா படுத்துக் கிடந்தாரே, அதே சூரைச்செடி. அதன் தழலைச் சங்கீதக்காரரும் பாடியிருக்கிறார், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலைக்கு அவை இரண்டையும் மிஞ்சிய கரி அந்த நாட்டில் இல்லை. காலம் போகப் போகக் கரியின் தரம் இறங்குகிறது. கண்ட புதரும் ஈச்சங்கட்டையும் உலைக்குள் போகின்றன. தூரத்து மேட்டு நிலத்திலிருந்து கட்டை வரவழைக்கிறார்கள். கி.மு. 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் உலைகள் அணைந்துவிட்டன. மலைக்குள் செம்பு இன்னும் இருந்தது, சுற்றிலும் மரம்தான் இல்லை. கரி தீர்ந்ததால்தான் தொழில் நின்றது என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

இதைப் படித்ததும் பதின்மர் சபை எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அவர்கள் கையில் தங்கம் இருந்ததால் ஆண்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். தங்கத்தை எரிக்க முடியுமா? அவர்களிடம் ஒட்டகம் இருந்தது. கரி மூட்டை ஒட்டகத்தில்தான் வரும். எந்த உலைக்கு எத்தனை மூட்டை என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் வைரனின் உலை எரியும், சொல்லாவிட்டால் அணையும். படை எதற்கு, கிரீடம் எதற்கு? நம் ஐந்நூற்றுவர் என்ற பழைய வணிகக் குழு வைத்திருந்த மாதிரி சாத்துக்குக் காவலாகச் சில வீரர்கள் இருந்தால் போதும். உன் ஐந்தாம் பக்கத்துப் போர்க்களத்துக்குப் பதில், கரிச் சந்தையில் மூட்டை பிரிக்கிற ஒரு காட்சியை எழுதிப் பார். அந்த நாட்டின் அரசியல் முழுவதும் அங்கே நடக்கும்.

கடைசியில் மணற்புயல் வந்து ஒரே ராத்திரியில் செம்பாலையை மூடிவிடும் என்று சொன்னாயே, அதைப் பற்றித்தான் எப்படி எழுதுவது என்று தயங்கிக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

அண்ணன் ஒரு ராத்திரியில் போய்விட்டார். அதற்குப் பிறகு உனக்கு எல்லாமே ஒரு ராத்திரியில் முடிவதாகத்தான் தோன்றும். அதை நான் எதிர்த்துப் பேசப் போவதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை வரையப் போவது மரியா. தன் அப்பா வரைபடம் போட்ட ஊரை அவள் கையாலேயே மணலால் மூடச் சொல்லாதே. அவளுக்குப் பத்தொன்பது வயதுதான் ஆகிறது.

நாடுகள் அப்படி முடிவதும் இல்லை. திம்னாவைப் பார், ஒரு தலைமுறையில் கரி கொஞ்சம் மோசம், அடுத்த தலைமுறையில் இன்னும் கொஞ்சம் மோசம். யாரோ ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மூட்டைகளை எண்ணி வாங்கினவருக்குத் தெரியாமல் இருக்குமா? அதனால் எனக்கு ஒரு புதிய பாத்திரம் வேண்டும். கரிக் கணக்கு எழுதும் ஒரு பெண். பதின்மர் சபையின் கீழே வேலை பார்க்கிறவள். போன வருஷம் இரண்டு நாள் தூரத்திலிருந்து வந்த வேலங்கரி இந்த வருஷம் ஐந்து நாள் தூரத்திலிருந்து வருவதை முதலில் கவனிக்கிறவள் அவள்தான். சபையில் சொல்கிறாள். பத்து வணிகர்களுக்கும் அது முன்பே தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை, முதலில் திறப்பவரின் சரக்கு விலை அன்றைக்கே விழும். கதை இங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முடிவும் யோசித்து வைத்திருக்கிறேன். உலோகத் தொழிலுக்குப் பேர்போன ஊரில் கல்லை உருக்கியே ஆக வேண்டும் என்று இல்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் மூசை வைத்து எஃகு செய்த தடயம் கிடைத்ததே, அந்த மாதிரி தென்னாட்டு எஃகுக் கட்டிகள் கப்பலேறி மேற்கே போயின. அங்கத்திய கொல்லர்கள் அதை அடித்து நீட்டி வாளாக்கினார்கள். கட்டியை அடிக்கவும் கரி வேண்டும்தான், ஆனால் கல்லை உருக்கிப் பிரிக்கிற அளவுக்கு வேண்டாம். மத்திய ஆசியாவின் காராகும் பாலையின் ஓரத்தில் மெர்வ் என்ற ஊரில் 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் மூசை எஃகையே அங்கே செய்திருக்கிறார்கள். அதற்கு முர்காப் ஆறு பக்கத்தில் இருந்தது. நம் ஏழுலைக்கு ஆறு வறண்டுவிட்டது, ஆகவே கட்டி வாங்குகிற வழிதான். கரிக்காரப் பெண் சபையில் இதைச் சொல்லட்டும்: நூறு உலையில் தொண்ணூறை அணையுங்கள், மீதிப் பத்தில் வெளியூர்க் கட்டியை அடியுங்கள், சூரை திரும்ப முளைக்கிற வரை யாரும் கோடாரி எடுக்காதீர்கள். சபை ஒப்புக்கொள்ளுமா என்பது உன் பாடு. எனக்கு வைரன் அவள் பக்கம் நிற்க வேண்டும். தன் உலையைத் தன் கையாலேயே அணைக்க முன்வருகிற முதல் ஆள் அவனாக இருக்க வேண்டும். அதனால் அவனைக் கொன்றுவிடாதே. இரண்டாம் அத்தியாயத்தில் அவனுக்கு ஏதோ ஆகப் போகிறது என்று உன் குறிப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

தீபாவளிக்கு மறுநாள் அங்கே வருகிறேன், அம்மாவைத் தங்கையிடம் விட்டுவிட்டு. அதற்குள் அண்ணனின் பழைய வரைபடத்தைத் தேடி எடுத்து வை. வடக்கு ஓரத்தில் அவர் பச்சைப் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருப்பார். அது காடா என்று பார்க்க வேண்டும். காடாக இருந்தால் கரி அங்கிருந்துதான் வந்திருக்கிறது, சாத்து எத்தனை நாள் நடந்தது என்று அளந்துவிடலாம். கரிக் கணக்குப் பெண்ணுக்கு மரியாவே பெயர் வைக்கட்டும். வைத்ததும் எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
மங்கை