அந்தப் படம் இடம் நிரப்ப வரைந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் பழைய சிறுகதை ஒன்றை மறுபடி வெளியிட்டிருந்தீர்கள். எழுதியவரைப் பற்றி அரைப் பக்கம். படத்துக்குக் கீழே ஒரே வரி: ‘அன்று இடம் நிரப்பப் போட்ட படங்களில் ஒன்று.’ அதை வரைந்தவன் நான். வலது மூலையில் இருந்த என் கையெழுத்தையும் வெட்டிவிட்டீர்கள்.

1983இல் வரைந்தது. சென்னையின் கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவரின் கதை. விடியற்காலை நாலு மணிக்கு அங்கே போய் நின்றேன், மூட்டை ஏறும்போது முதலில் கழுத்து அமுங்குகிறதா, முழங்கால் மடங்குகிறதா என்று பார்க்க. ஒரு பெரியவர் தலைத் துண்டை அவிழ்த்து, சும்மாடு சுற்றுவது எப்படி என்று எனக்காக மறுபடி சுற்றிக் காட்டினார். படத்தில் இருப்பது அந்தச் சுற்றுதான். 1996இல் சந்தையே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

படத்தை அமிலத்தால் தகட்டில் அரித்தெடுத்து அச்சடித்த பிளாக் காலத்து வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. துத்தநாகத் தகட்டில் மெல்லிய கோட்டை அமிலம் தின்றுவிடும். நெருக்கிப் போட்ட கோடுகள் நியூஸ்பிரிண்டில் மை அப்பிக் கறுத்துப் போகும். அதனால் ஒன்றரை மடங்கு பெரிதாக வரைவேன், சுருக்கினால் எது மிஞ்சும் என்று பார்த்துப் பார்த்து. பல நாள் கதையே கைக்கு வராது. ‘ஒரு பெண் அழுகிறாள், வாசலில் சைக்கிள், இரண்டு பத்தி அகலம்’ என்று போனில் சொல்வார்கள். மறுநாள் காலை படம் போய்ச் சேரும்.

ஒரு தடவை என் படத்தை இடவலம் மாற்றி வேறொரு கதைக்குப் போட்டார்கள். புடவைத் தலைப்பு வலது தோளுக்குப் போய்விட்டது. ‘யார் கவனிக்கப் போகிறார்கள்?’ என்றார்கள். என் அம்மா கவனித்தார்.

கல்கியில் வந்த பொன்னியின் செல்வனைப் பக்கம் பக்கமாகச் சேர்த்து பைண்டு செய்த வீடுகள் எத்தனை! மணியம் வரைந்த முகங்களோடுதான் அந்த வாசகர்கள் கதையை நினைவில் வைத்திருக்கிறார்கள். தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலுவும் அப்படித்தான். அவர்களோடு என்னைச் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் செய்த வேலை ஒன்றே.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவைப் பாருங்கள். உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை படைத்தவருக்கு உண்டு. சண்டைக்காக இதை எழுதவில்லை.

அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள், இன்னார் வரைந்தது என்று. அப்புறம், 16 ஆண்டுகளில் கொடுத்த அசல் படங்களில் ஒன்றுகூட எனக்குத் திரும்பி வரவில்லை. பழைய அலமாரியில் அந்த மூட்டைக்காரர் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஓவியன்,
திருவல்லிக்கேணி