சான்யுவான்லி மழையில் நின்ற மெட்ராஸ் சிப்பாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர், "சீனாக்காரனுக்கு நாம் என்றைக்காவது கெடுதல் செய்திருக்கிறோமா? புத்தரைக் கொடுத்தோம், போதிதர்மரைக் கொடுத்தோம். அவன் நமக்கு 1962 போரைக் கொடுத்தான்" என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. என் தாய்மாமனுக்குக் கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறைந்திருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயரெடுத்த ஊர். மாமா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தவர். சைனா என்ற பேச்சு எடுத்தாலே சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஆனாலும் "நாம் ஒரு கெடுதலும் செய்ததில்லை" என்பது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பேரணாம்பட்டில் குடியிருக்கிறேன். முப்பத்தைந்து வருஷம் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். 2014 மே மாதக் கடைசியில் பக்கிள், ஜிப்பு, ரிவிட் சாம்பிள் பார்த்து வரச் சொல்லி முதலாளி என்னைச் சீனாவின் குவாங்சோ நகரத்துக்கு அனுப்பினார். பழைய நாளில் கேன்டன் என்பார்கள். அங்கே தோல் சாமான் மொத்த வியாபாரம் நடக்கும் இடம் சான்யுவான்லி. தெரு தெருவாகப் பையும் பெல்ட்டும்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. எதிர்க்கடை போர்டு கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பிள் அட்டைகளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நின்றேன். ஜிப்புக் கடைப் பையன் கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவான். பக்கத்தில் பழைய கோயில் ஒன்று இருக்கிறது, ஒதுங்கலாம் என்று குடையில் கூட்டிப் போனான். அது இப்போது கோயிலாக இல்லை. 1841இல் ஆங்கிலேயப் படையை எதிர்த்து நின்ற கிராமத்து மக்களுக்கான நினைவு அருங்காட்சியகம். "இதே மே மாதம், இதே மாதிரி மழையில்தான் நடந்தது" என்றான். பிறகு என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வந்தவர்களில் இந்தியர்களும் இருந்தார்கள். மெட்ராஸ்" என்றான். குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் உடம்பு கூசிப்போயிற்று.

ஊர் திரும்பியதும் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவரைப் பிடித்து, புத்தகம் வாங்கிப் படித்தேன். பையன் சொன்னது அத்தனையும் உண்மை. 1841 மே 30ஆம் தேதி. பல கிராமத்து ஜனங்கள் ஈட்டியும் மண்வெட்டியுமாக ஆயிரக்கணக்கில் திரண்டு வருகிறார்கள். மழையில் வழி தவறிப் பிரிந்துபோன ஒரு சிறு படைப்பிரிவு அவர்கள் நடுவில் சிக்குகிறது. அது 37ஆவது மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்ற காலாட்படையைச் சேர்ந்தது. சுமார் அறுபது சிப்பாய்கள். கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கல் உரசிப் பொறி பறந்து, கிண்ணியில் இருக்கும் மருந்தில் விழுந்தால்தான் வெடிக்கும். மருந்து நனைந்து களியாகிவிட்டது. நாலு பக்கமும் பார்த்துச் சதுரமாக நின்றுகொண்டு, வெறும் பயனெட்டை நீட்டியபடி அந்த மழையில் நின்றிருக்கிறார்கள். மழையிலும் சுடக்கூடிய புது மாதிரித் துப்பாக்கியோடு கப்பற்படை மரைன்கள் தேடி வந்த பிறகுதான் மீண்டார்கள். ஒருவர் செத்தார், பலருக்குக் காயம்.

அவர்கள் நம் மாகாணத்து ஆட்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். எதற்காக அங்கே போனார்கள்? இங்கிலாந்துக்காரனுக்குச் சீனத்துத் தேயிலை வேண்டும். அதற்குக் கொடுத்த வெள்ளியெல்லாம் கடல் தாண்டிப் போயிற்று. அதை ஈடுகட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி பாட்னாவிலும் காசிப்பூரிலும் அபினி காய்ச்சி, கல்கத்தாவில் ஏலம் விட்டு, வியாபாரிகள் கையால் சீனாவுக்குள் கடத்த விட்டது. விளைந்தது நம் மண்ணில், அழிந்தது அவர்கள் குடும்பம். பொறுக்க முடியாமல் சீனப் பேரரசர் லின் சேஷு என்ற அதிகாரியை அனுப்பினார். அவர் 20,000 பெட்டிக்கு மேல் அபினியைப் பறிமுதல் செய்து, 1839 ஜூனில் ஹூமென் கடற்கரையில் அழித்தார்.

அழித்த விதத்தைப் படித்தபோது என்னால் புத்தகத்தை மூட முடியவில்லை. கொளுத்தினால் மிச்சம் மண்ணில் இறங்கும், சுரண்டி எடுத்து மறுபடி விற்பார்கள் என்று, பெரிய குழி வெட்டி, உப்புத் தண்ணீர் விட்டு, அபினி உருண்டைகளை உடைத்து ஊறப்போட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டினார்கள். நெருப்பில்லாமலே குழி கொதித்தது. ஆட்கள் நின்று கிளறினார்கள். தண்ணீர் வடியும் நேரம் பார்த்து மதகைத் திறந்து கடலில் விட்டார்கள். மூன்று வாரம் இதே வேலை. உப்பும் சுண்ணாம்புக் குழியும்தான் எங்கள் பிழைப்பு. அந்தக் குழியின் ஆவி மூக்கில் ஏறினால் எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். கடல் அசுத்தமாகப் போகிறதே என்று லின் சேஷு முன்கூட்டியே கடல் சாமிக்குப் பூஜை போட்டு மன்னிப்புக் கேட்டாராம். எங்கள் குழித் தண்ணீரைப் பாலாற்றில் விட்டபோது எங்களில் ஒருவருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. அது இன்றைக்கும் என் மனசை அறுக்கிறது.

அபினியை அழித்ததற்காக வந்ததுதான் போர். 1842இல் நான்கிங் ஒப்பந்தம். ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்களைத் திறந்துவிட வேண்டியதாயிற்று, 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலர் தண்டம். 1860இல் மறுபடி வந்து பெய்ஜிங்கின் கோடைக்கால அரண்மனையைக் கொளுத்தினார்கள். 1900இல் எட்டு நாட்டுப் படை சேர்ந்து வந்தது. என் மாமாவின் மெட்ராஸ் சாப்பர்ஸ் இந்த மூன்று படையெடுப்புக்கும் போயிருக்கிறது. அந்தப் படையின் பழைய போர்ப் பெருமைகளில் 'சைனா', 'டாக்கு கோட்டைகள்', 'பீக்கிங் 1860' எல்லாம் உண்டு. மாமா அதைப் பெருமையாகச் சொல்வார். எதற்காக நடந்த போர் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை எழுதுவது சீன அரசுக்கு வக்காலத்து வாங்க அல்ல. 'நூறாண்டு அவமானம்' என்று பெய்ஜிங் இன்றும் அதைத் தன் ஜனங்களுக்கு ஓதுகிறது. தியானன்மென் சதுக்கத்து நினைவுத் தூணின் முதல் சிற்பமே அபினி அழிப்புதான். ஆனால் அவமானப்பட்டவன் திபெத்துக்குள் படை அனுப்பியதற்கும், 1962க்கும், 2020 ஜூனில் கல்வானில் நம் வீரர்கள் இருபது பேரைக் கொன்றதற்கும் அந்த அவமானம் நியாயமாகாது. ஆனால் அவர்கள் ஏன் எல்லைக்கோடு, ஒப்பந்தம் என்றாலே வெள்ளைக்காரன் போட்டது என்று முறைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு சண்டை போடுவது வேறு, தெரியாமல் கத்துவது வேறு. நாம் செய்த நல்லதையும் அவர்கள் மறக்கவில்லை. ஜப்பானோடு சீனா போரிட்டபோது 1938இல் நாம் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவரான கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்தார். அவருக்கு இன்றும் அங்கே மாலை விழுகிறது.

பத்தாவது படிக்கும் என் பேத்தியிடம் வேலூர்ப் புரட்சி எப்போது என்று கேட்டேன். 1806 ஜூலை 10 என்றாள் பட்டென்று. தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட மாட்டோம் என்று எழுந்த சிப்பாய்கள் என்றும் சொன்னாள். சந்தோஷமாக இருந்தது. 1841இல் மெட்ராஸ் சிப்பாய்கள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டேன். விழித்தாள். நடுவில் முப்பத்தைந்தே வருஷம். அதே கிழக்கிந்தியக் கம்பெனி, அதே மாகாணத்துப் படை. எதிர்த்து நின்றவர்களைச் சொல்லிக்கொடுக்கிறோம், பிழைப்புக்காக அடுத்தவன் நாட்டில் போய் நின்றவர்களைச் சொல்லாமல் விடுகிறோம்.

வேலூர் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே 37ஆவது மெட்ராஸ் படையைப் பற்றியும், அவர்களை அனுப்பிய அபினி வியாபாரத்தைப் பற்றியும் தமிழில் ஒரு பலகை வைக்க மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் அதிகாரிகளும் மனம் வைக்க வேண்டும். வருகிற ஜூலை 10 அன்று வேலூர்ப் புரட்சி நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கும்போது யாராவது ஒருவர் இதையும் ஐந்து நிமிஷம் பேசட்டும். பலகைக்கு ஆகும் செலவில் என் ஒரு மாதப் பென்ஷனைத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோல் தொழிலாளி,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்.