ஃபில்டர் இல்லாத வீட்டிலும் காப்பி மணத்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் 1 காப்பி தினத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் வந்த பழைய காலத்துக் காப்பி பற்றிய கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன். பித்தளை ஃபில்டர், டவரா, நுரை, கும்பகோணம், மயிலாப்பூர் எல்லாம் அதில் வந்துவிட்டன. ஆனால் காப்பி தினம் வந்தாலே எல்லோரும் இதையேதான் எழுதுகிறார்கள். பழைய காப்பி என்றால் ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குவது மட்டும்தானா? எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கிராமங்களில் எத்தனையோ வீடுகள் ஃபில்டர் என்ற சாமானைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. ஆனாலும் விடியுமுன் ரப்பர் வெட்டப் போனவரும் பனையேறப் போனவரும் வயிற்றுக்குச் சூடாக ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அது பாலில்லாத கருப்பட்டிக் காப்பி. அதைப் பற்றி நாலு வரி சேர்த்திருக்கக் கூடாதா என்ற மனத்தாங்கலில்தான் எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு காப்பியும் பழக்கம். பிறந்தது குலசேகரம் பக்கம், வாக்கப்பட்டது நாகர்கோவிலில். பிறந்த வீட்டில் கிணற்றை ஒட்டி நாலைந்து காப்பி மரம் நின்றது. ரொபஸ்டா என்கிற பெயரெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டதுதான், எங்களுக்கு அது வெறும் காப்பி மரம். கோடை மழை ஒன்று பெய்தால் போதும், கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துப் பிச்சிப்பூ வாசம் அடிக்கும். பழம் சிவந்ததும் பறித்து முற்றத்தில் பாயை விரித்துக் காயப்போடுவோம், தோடு கலகலக்கும்வரை நாள்கணக்கில் காய வேண்டும், இடையில் மேகம் கறுத்தால் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஓட வேண்டும். அப்புறம் உரலில் போட்டு லேசாகக் குத்தித் தோடு நீக்கி, சுளவில் புடைத்து எடுத்தால் பச்சைக் கொட்டை. இவ்வளவுக்கும் அதில் ஒரு மணமும் இருக்காது. மணமெல்லாம் வறுப்பில்தான் வரும்.

வறுப்பது பாட்டி வேலை, வேறு யாரையும் கிட்ட விடமாட்டாள். மண்சட்டியில் கொட்டையைப் போட்டுக் கை நிற்காமல் கிண்டுவாள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் தவிட்டு நிறமாகி, பிறகு பொடபொடவென்று வெடிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் சட்டியைப் பார்ப்பதை விடக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருப்பதுதான் முக்கியம். வெடி ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் சட்டியை இறக்கிச் சுளவில் கொட்டிப் பரத்திவிட வேண்டும், சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கரிந்து போகும். ஆறினதும் உரலில் இடிப்பு. கடைப் பொடி மாதிரி நைசாக இருக்காது, கரகரப்பாகத்தான் இருக்கும். கொட்டை குறைவாகக் கிடைத்த வருஷம் வறுத்த கொத்தமல்லியைச் சேர்த்து இடித்து ஒப்பேற்றுவோம். அதுவும் ஒரு ருசிதான்.

இனி காப்பி போடுகிற விதம். பானையில் தண்ணீர் கொதிக்கும்போது கருப்பட்டியைத் தட்டிப் போட வேண்டும். அது கரைந்ததும் ஒரு தடவை துணியில் வடிகட்டிக்கொள்வது நல்லது, அடியில் மண்ணும் தூசியும் இருக்கும். திரும்பக் கொதி வந்ததும் பொடியைப் போட்டு, பொங்கி மேலே வருகிற நேரத்தில் தீயை இழுத்துவிட்டு மூடிவிட வேண்டும். பொடி போட்ட பிறகு கொதிக்கக் கொதிக்க வைத்தால் கசப்பைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. பிறகு ஒரு கை பச்சைத் தண்ணீரை மேலே தெளித்தால் மிதக்கிற பொடியெல்லாம் மெள்ள அடியில் இறங்கும். “மக்களே, தெளியட்டு, எளக்காத” என்று, அதாவது கலக்காதே என்று பாட்டி அதட்டுவாள். தெளிந்ததை மேலாக இறுத்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இருக்கும். காகித வடிகட்டியும் கண்ணாடிக் குடுவையும் வைத்துக்கொண்டு ‘பிளாக் காப்பி’ என்று இன்றைக்கு இளைஞர்கள் பெரிய விலை கொடுத்துக் குடிப்பதைக் குறை சொல்லவில்லை, என் பேரனும் அதில் ஒருத்தன்தான். அவனிடம் இதைப் போட்டுக் கொடுத்தேன், இரண்டாவது தம்ளர் கேட்டான்.

ஒன்று கவனித்திருக்கிறேன். காப்பிக் கொட்டை காய்ந்து வீட்டுக்கு வருவதும் அக்கானி என்கிற பதநீர் இறங்கத் தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே பருவம்தான், மாசி பங்குனி வாக்கில். அக்கானி காய்ச்சுகிற குடிசையான விடிலியில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி எடுத்த புதுக் கருப்பட்டியும், அன்றைக்கு இடித்த புதுப் பொடியும் சேர்கிற காப்பி வருஷத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். மீதிக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆடிச் சாரலில் வியர்த்து ஒழுகிவிடும். பரண் கருப்பட்டியில் புகை ஏறி ஒரு தனி ருசி வந்துவிடும், ஐப்பசி மழைக்கு அதில் சுக்கும் நல்லமிளகும் தட்டிப் போட்டுக் குடித்தால் தடுமனுக்கு வேறு மருந்து தேட மாட்டோம்.

உங்கள் கட்டுரையில் காப்பி விளையும் இடங்களாகக் குடகு, சிக்மகளூர், ஏற்காடு என்று போட்டிருந்தீர்கள். சரிதான். ஆனால் எங்கள் அசம்பு மலையிலும் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் காப்பித் தோட்டம் போட்டார்கள் என்பதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் தென்னிந்தியத் தோட்டங்களையும் பிடித்து ஆட்டியது. இன்றைக்கு எங்கள் மலையில் ரப்பரும் கிராம்பும்தான் பேச்சு. வடசேரியிலிருந்து அசம்பு ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

ஃபில்டரை நான் மட்டம் தட்டுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். புகுந்த வீட்டில் மாமியார் போட்ட காப்பிக்கு இன்றைக்கும் நான் அடிமை. கோட்டாறு கம்போளத்தில், அதாவது சந்தையில், கண்முன்னே வறுத்து அரைத்துத் தருகிற கடையில் பீபெரி, பிளாண்டேஷன் என்கிற இரண்டு கொட்டை வகைகளையும் கலந்து வாங்கி வருவோம். காகிதப் பொட்டலம் கைச்சூட்டுக்கு மேலே சூடாக இருக்கும், பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். ஃபில்டரில் பொடியைப் போட்டு மேலே குடையை வைத்து லேசாகத்தான் அழுத்த வேண்டும், பலமாக அழுத்தினால் மறுநாள் வரை தண்ணீர் இறங்காது. பித்தளை ஃபில்டரின் ஓட்டை அடைத்துக்கொண்டால் அந்தத் தட்டைத் தீயில் காட்டித் தட்டினால் சரியாகும். காப்பிப் பொடியோடு கலக்கிற சிக்கரி என்கிற வேர்ப்பொடி கூடாது என்பது மாமியாரின் சட்டம். இன்றைய பாக்கெட்டுகளில் நூற்றுக்கு 51 பங்கு காப்பி இருந்தாலே விதிப்படி சரி என்று தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன். பாக்கெட்டின் பின்பக்கம் சிறிய எழுத்தில் விகிதம் போட்டிருக்கும், வாங்குகிறவர்கள் தயவுசெய்து பாருங்கள்.

ஆனால் பழைய காப்பியைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. முதல் டிக்காக்‌ஷன் வந்தவர்களுக்கும் ஆண்களுக்கும், வெந்நீர் ஊற்றி இரண்டாவதாக இறக்கிய தண்ணிக் காப்பி வீட்டுப் பெண்களுக்கு. வயல் வேலைக்கு வந்தவர்களுக்குக் கொல்லைப்புறத்தில் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த வீடுகளும் இருந்தன. எங்கள் பாட்டா (தாத்தா) அப்படிச் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்தான். பித்தளைத் தம்ளரின் பளபளப்பை எழுதுகிறவர்கள் இதையும் எழுதட்டும். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு ஆஸ்பத்திரி விஷயமாகப் போகிறபோதெல்லாம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய அந்தச் சுழல் கட்டடத்து இந்தியன் காப்பி ஹவுஸில் ஏறி இறங்காமல் நான் வருவதில்லை. காப்பி சுமார்தான். ஆனால் தொழிலாளிகளே கூட்டுறவாக நடத்துகிற இடம், அங்கே யார் போனாலும் ஒரே கப்.

சரி, இனி முக்கியமான புகாருக்கு வருகிறேன். பொடிகூட இன்றைக்கு நல்லதாகக் கிடைத்துவிடுகிறது. கருப்பட்டிதான் கிடைப்பதில்லை. சீனியைக் காய்ச்சிக் கலந்து சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி என்று விற்கிறார்கள். போன மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் ‘அசல்’ என்று எழுதி வைத்திருந்ததை நம்பி வாங்கினேன், காப்பியில் இனிப்பு இருந்தது, கருப்பட்டி இல்லை. கேட்டால் “எல்லாரும் இதுதானே வாங்குகாவ” என்றார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. காலையும் மாலையும் பனையில் ஏறி, கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவி, மணிக்கணக்கில் விறகடுப்பில் நின்று காய்ச்சுகிற வேலைக்கு ஆள் குறைந்துவிட்டது, செய்கிறவர்களுக்குக் கிடைக்கிற விலையோ சீனிக் கருப்பட்டியோடு போட்டி போட முடியாத விலை. பனை நம் மாநில மரம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம், அதன் பெயரில் சீனி விற்பதை யாரும் கேட்பதில்லை.

உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் எங்கள் மாவட்டத்துக் கடைகளில் கருப்பட்டியை எடுத்துப் பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை மாசி மாதம் இங்குள்ள ஏதாவது ஒரு விடிலிக்கு அனுப்பி வையுங்கள். அதிகாலையிலேயே வரச் சொல்லுங்கள், அக்கானி இறக்கி அடுப்பேற்றுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே காப்பி குடித்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்.

பி.கு.: பால் இல்லாமல் இறங்காது என்பவர்களுக்கு. கருப்பட்டியைப் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைத்தால் பால் திரிந்துவிடும். கருப்பட்டிக் காப்பியைத் தனியாகக் காய்ச்சி இறுத்து வைத்துக்கொண்டு, பாலை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட்டு, கடைசியில் கலக்க வேண்டும்.