திருவந்திபுரத்தில் மெமரி கார்டு தந்த ஐயாவுக்கு

சென்ற தை முகூர்த்தத்தன்று, தனியாகத் தொழில் தொடங்கிய எனக்குக் கிடைத்த முதல் திருமணத்தைத் திருவந்திபுரம் கோயிலில் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது, தாலி கட்டுவதற்குச் சற்று முன் மெமரி கார்டு பழுதாகிவிட்டது. மாற்றுக் கார்டு கொண்டுவராதது என் தவறுதான். பக்கத்துத் திருமணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்த தாங்கள், நான் கேட்காமலேயே 64 ஜிபி கார்டு ஒன்றை என் கையில் வைத்து, "தம்பி, பழைய கார்டை ஃபார்மட் செய்துவிடாதே, அதில் வேறு எதையும் பதியாத வரை படங்களை மீட்க வழி உண்டு" என்று சொல்லிவிட்டுத் தங்கள் மணமக்களிடம் திரும்பிவிட்டீர்கள். ஒரே காலையில் பல திருமணங்கள் நடக்கும் அந்தக் கூட்டத்தில், பிறகு தேடியும் தங்களைக் காண முடியவில்லை. அன்றிரவே, மாலை மாற்றிய படம் உட்பட, பெரும்பாலானவை மீண்டன. ஐயா, தங்கள் கார்டு கடலூரில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இப்பதிவைக் கண்டால் ஒரு வரி எழுதுங்கள், நேரில் வந்து ஒப்படைக்கிறேன்.