வேசர் கழிமுகத்திலிருந்து தம்பிக்கு

பிரேமர்ஹாஃபன், ஜெர்மனி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நலம். அம்மா, அப்பா, ஆச்சி நலமறிய ஆவல். எம்.எஸ்சி. திட்டப்பணிக்குப் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி டயாட்டங்களை, அதாவது சிலிக்கா ஓடு கொண்ட ஒற்றைச் செல் பாசிகளை, பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். உங்கள் துறை மைக்ராஸ்கோப் பழையது, என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். அதைப் பிறகு பேசலாம். இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் லென்சுக்கு அடியில் அல்ல, ஆற்றங்கரையிலும் கழுவுதொட்டியிலும்தான். அங்கே கெட்டதை எந்த விலை மைக்ராஸ்கோப்பும் சரிசெய்யாது.

முதலில் ஊரைப் பற்றி. வேசர் ஆறு வட கடலில் கலக்கிற இடத்தில் இருக்கிறது இந்தத் துறைமுக ஊர். டிசம்பரில் மாலை 4 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும், ஜூனில் இரவு 10 வரை வெளிச்சம். காற்று ஓயாது. காலையோ மாலையோ, யாரைப் பார்த்தாலும் "மொயின்" என்ற ஒரே சொல்தான். வணக்கத்துக்கு வேறு எதுவும் தேவையில்லை. ஓதம் ஏறுவதும் இறங்குவதும் ஏறக்குறைய 4 மீட்டர். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது என்று பார்த்த கண்ணுக்கு, கடலே எழுந்து வெளியே போய்விட்டது போலத் தெரியும். பிரேமன் நகரத்தை ஒட்டிய ஹெமலிங்கன் தடுப்பணை வரை ஆறு ஓதத்தோடு ஏறி இறங்குகிறது. அங்கே நன்னீர், இங்கே உவர்நீர், கொஞ்சம் தள்ளினால் கடல். உன் ஆற்றிலும் அதே மூன்றும் உண்டு. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே உப்பு எவ்வளவு தூரம் ஏறுகிறது என்பதை யார் சொன்னதையும் நம்பாமல் நீயே மீட்டர் வைத்து அளந்து குறி. கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று.

ஆற்று மாதிரிக்குக் கல்தான் நல்லது. நீர் ஓடுகிற, வெயில் படுகிற இடத்தில், குறைந்தது நான்கு வாரமாவது தொடர்ந்து நீருக்குள் இருந்திருக்கக்கூடிய கற்களாக ஐந்தை எடு. நேற்று அணை திறந்ததில் நனைந்த கல் உதவாது. அதில் இருப்பது முதலில் வந்து ஒட்டிய ஒன்றிரண்டு வகைதான். கையளவுக் கல் போதும். ஆற்று நீரிலேயே மெல்ல அலசி மண்ணைப் போக்கிவிட்டு, வெள்ளைத் தட்டில் சுமார் 50 மில்லி தண்ணீர் ஊற்றி, கல்லின் மேல்முகத்தை மட்டும் பல் துலக்கும் பிரஷால் தேய். தண்ணீர் பழுப்பாக மாறும். நீளப் பச்சைப் பாசி இழை தொங்கும் கல்லைத் தவிர். இழைமேல் வளர்கிற கூட்டமே வேறு. இடத்துக்கு ஒரு புதுப் பிரஷ், பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடு. பிரஷின் மயிர்க்காலில் ஒட்டியிருக்கும் ஓடுகள் எத்தனை கழுவினாலும் போகாது. பாபநாசத்துப் பிரஷைத் திருநெல்வேலியில் பயன்படுத்தினால், சாக்கடை கலக்கிற இடத்திலும் மலையாற்று வகைகள் வாழ்வதாக உன் அட்டவணை சொல்லும்.

மாதிரி கெடாமல் இருக்க லூகால் அயோடின் சில துளி, நீர் வெளிர் பழுப்பாகும் வரை. வெயில் பட்டால் நிறம் போய்விடும், இருட்டில் வை, நிறம் வெளுத்தால் மறுபடி சேர். பின்னால் டி.என்.ஏ. பார்க்கும் எண்ணம் இருந்தால் லூகால் வேண்டாம், ஒரு பங்கைத் தனியாக எத்தனாலில் போடு. லேபிளைப் பாட்டிலின் மூடியில் எழுதாதே. மூடி மாறிவிடும். பென்சிலால் எழுதிய காகிதத் துண்டு ஒன்றைப் பாட்டிலுக்குள்ளேயே போடு, எத்தனால் பேனா மையைக் கரைத்துவிடும். அந்த இடத்திலேயே வெப்பநிலை, பி.எச்., மின்கடத்துதிறன் மூன்றையும் அளந்துவிடு. இந்த எண்கள் இல்லாத டயாட்டப் பட்டியலை இங்கே யாரும் வாங்கிப் பார்ப்பதில்லை, அது சரியும்தான்.

இப்போது எல்லாரும் அவசரத்தில் தாண்டிப் போகும் படி. சுத்தம் செய்ய அனுப்புவதற்கு முன், ஒரு துளியை அப்படியே 400 மடங்கில் பார். டயாட்டத்தின் சிலிக்கா ஓடு குங்குமச் சிமிழ் போல மேல்பாதியும் கீழ்ப்பாதியுமாகப் பொருந்தியது. உயிரோடு இருந்தால் உள்ளே பொன்பழுப்புப் பசுங்கணிகம் தெரியும், செத்தது வெற்று ஓடு. சுத்தம் செய்தபின் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்கவே முடியாது. மலையாற்றில் இது பெரிய சிக்கல் இல்லை. கழிமுகத்தில் இதுதான் முழுச் சிக்கலும். ஆறு மேலிருந்து நன்னீர் ஓடுகளை அடித்துக் கொண்டுவரும், ஓதம் கீழிருந்து கடல் ஓடுகளை ஏற்றிவிடும். இங்கே துறைமுகத்துச் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்தால் மூன்று நீர்நிலைகளின் வகைகளும் ஒரே கண்ணாடியில் (ஸ்லைடில்) கிடக்கும். "பல்வகைமை மிக அதிகம்" என்று எழுதிவிடலாம். அதில் பாதி சவம். அதனால் குறைந்தது 100 செல்களை உயிருள்ளது, வெற்றோடு என்று பிரித்து எண்ணி வைத்துக்கொள். புன்னைக்காயலில் இதைச் செய்யாமல் எழுதும் பல்வகைமைக் குறியீட்டுக்கு அர்த்தமே இல்லை.

சேற்றுக்கு வேறொரு வழியும் உண்டு. இங்குள்ள வாட்டன் கடல், ஓதம் வடிந்ததும் கிலோமீட்டர் கணக்கில் வெளிப்படும் சேற்றுவெளி. 2009-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. தண்ணீர் வடிந்து வெயில் பட்டதும் சேற்றின் மேல் பொன்பழுப்புப் படலம் பரவும். நவிகுலா, கைரோசிக்மா, நிட்சியா போன்ற டயாட்டங்கள் அடியிலிருந்து ஊர்ந்து மேலே வருவதுதான் அது. நீர் திரும்பும் முன் மறுபடி இறங்கிவிடும். தட்டில் எடுத்துவந்து ஓதமே இல்லாமல் வைத்தாலும் சில நாள் அதே நேரக்கணக்கைக் காக்கும். இதைப் பயன்படுத்திக்கொள்: மேல் அரை சென்டிமீட்டர் சேற்றைச் சுரண்டி, பெட்ரி தட்டில் பரப்பி, தேங்கிய நீரை உறிஞ்சிவிட்டு, மேலே லென்ஸ் துடைக்கும் தாளை இரண்டடுக்காக விரி. வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்தால் உயிருள்ளவை தாளுக்குள் ஏறிவிடும், செத்தவையும் மணலும் கீழேயே தங்கும். மேல்தாளை மட்டும் எடுத்து அலசினால் சுத்தமான, உயிருள்ள மாதிரி. ஆனால் மணல்துகளில் ஒட்டி வாழ்கிற நகராத வகைகள் இதில் வராது. இரண்டையும் செய், எது எதில் வந்தது என்று எழுது.

சேற்றுவெளிக்குப் போவதென்றால் இங்கே ஓத அட்டவணை கையில் இல்லாமல் யாரும் காலை வைப்பதில்லை. நீர் எதிரிலிருந்து வராது. பின்னால் உள்ள ஓடைகள்தான் முதலில் நிரம்பித் திரும்பும் வழியை அடைக்கும். தேசியப் பூங்கா என்பதால் மாதிரி எடுக்க அனுமதியும் வேண்டும்.

சுத்தம் செய்ய 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கல்லில் சுண்ணாம்பு இருந்தால் முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, நுரை அடங்கியதும் கழுவிவிடு. சுண்ணாம்பு இருக்கும்போதே கந்தக அமிலம் ஊற்றினால் ஜிப்சம் படிகங்கள் உருவாகிக் கண்ணாடி முழுக்க ஊசி ஊசியாகக் கிடக்கும். கடல் மாதிரி என்றால் எந்த அமிலத்துக்கும் முன் காய்ச்சி வடித்த நீரால் உப்பு போகக் கழுவு. பிறகு 5 முதல் 10 மில்லி மாதிரிக்கு 20 மில்லி பெராக்சைடு, பெரிய பீக்கரில், புகைப்போக்கிப் பெட்டிக்குள், 90 டிகிரி செல்சியஸில் ஒன்று முதல் மூன்று மணி நேரம். கொதிக்கிற மாதிரியில் பெராக்சைடை ஒரேயடியாக ஊற்றாதே. கரிமப் பொருள் அதிகமாக இருந்தால் பொங்கி வெளியே வந்துவிடும், கையில் பட்டால் தோல் வெளுத்து எரியும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இங்கே ஆய்வகக் கதவைத் தாண்டவே விடமாட்டார்கள். கழிவுக்குத் தனித்தனிக் கேன், கேனில் எழுதாத எதையும் ஊற்ற முடியாது. முதலில் எரிச்சலாக இருக்கும், பழகிவிட்டால் நல்ல பழக்கம்.

அதன்பின் கழுவல். ஓர் இரவு அடியில் படியவிட்டு, மேல்நீரை வடித்து, காய்ச்சி வடித்த நீர் சேர்ப்பதை நான்கைந்து முறை செய். சென்ட்ரிஃபியூஜ் சீக்கிரம் முடிக்கும். ஆனால் வேகம் கூடினால் நீண்ட மெல்லிய ஓடுகள் ஒடியும். அவசரமில்லையென்றால் படியவிடுவதே மேல். கழுவல் போதவில்லையென்றால் காய்ந்த கண்ணாடியில் உப்புப் படிகம் தெரியும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனி பிப்பெட். இந்த இடத்தில்தான் மாதிரிகள் ஒன்றோடொன்று கலக்கின்றன.

கவர்கிளாஸில் ஒரு துளியைப் பரப்பி, தூசி படாமல் அறை வெப்பத்திலேயே காயவிடு. சூடான தட்டில் வைத்தால் ஓடுகள் ஓரத்தில் வளையமாகத் திரண்டுவிடும். ஆயிரம் மடங்கில் ஒரு பார்வைப் பரப்பில் 10 முதல் 15 ஓடுகள் இருப்பது சரியான அடர்த்தி. கூடினால் ஒன்றின்மேல் ஒன்று. குறைந்தால் எண்ணி முடிக்க நாள் போதாது.

அடுத்தது ஒட்டும் பசை. நம் ஊர் ஆய்வகங்களில் டி.பி.எக்ஸ்.தான் கையில் இருக்கும். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.52, டயாட்டச் சிலிக்காவுக்குச் சுமார் 1.43. இடைவெளி குறைவு, அதனால் ஓட்டின் கோடுகள் மங்கிவிடும். நாஃப்ராக்ஸ் என்ற பசை காய்ந்தபின் 1.7-க்கு மேல் போகும், கோடுகள் எழுந்து நிற்கும். உன் மைக்ராஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் இதை மாற்றிப் பார். நாஃப்ராக்ஸில் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கிறது, புகைப்போக்கிக்குள் சூடாக்கிக் குமிழ் அடங்கும் வரை ஆவியாக்கு. அரைகுறையாக விட்டால் கவர்கிளாஸ் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

லென்ஸ் 100 மடங்கு எண்ணெய் லென்ஸ், எண்துளை (லென்ஸ் ஒளியை வாங்கும் அளவைச் சொல்லும் எண்) 1.3-ஆவது வேண்டும். அதை வைத்துப் பச்சை ஒளியில் சுமார் 0.2 மைக்ரோமீட்டர் வரைதான் பிரித்துப் பார்க்க முடியும். நிட்சியா பாலியாவின் கோடுகள் 10 மைக்ரோமீட்டரில் 30-க்கும் மேல், கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே. லென்ஸைச் சோதிக்கப் பழைய ஆட்கள் புளூரோசிக்மா அங்குலேட்டம் என்ற டயாட்டத்தின் ஓட்டைப் பார்ப்பார்கள். அதன் புள்ளிகளே தெளிவாகத் தெரியாவிட்டால் உன் கருவி போதாது.

இனம் பிரிக்கும்போது நீளத்தை நம்பாதே. ஒவ்வொரு பிரிவிலும் சேய்ச் செல் பழைய ஓட்டுக்குள்ளேயே புதுக் கீழ்ப்பாதியைக் கட்டுவதால், தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே வரும். பால்வழி இனப்பெருக்கத்தில் ஆக்சோஸ்போர் என்ற பெரிய செல் உருவாகும்போதுதான் மறுபடி முழு அளவு. ஒரே இனம் பாதி நீளத்தில் கிடப்பது சாதாரணம். 10 மைக்ரோமீட்டரில் எத்தனை கோடு என்பது அவ்வளவாக மாறாது, அதை எண்ணு. மொத்தம் 400 ஓடுகள். உடைந்ததில் நடுப்பகுதி தெரிந்தால் மட்டும் கணக்கில் எடு. விதியை எண்ணத் தொடங்கும் முன் எழுதிவை, நடுவில் மாற்றாதே. பிறகு மீதிக் கண்ணாடியை ஓட்டிப் பார்த்து, 400-இல் சிக்காத அரிய வகைகளைத் தனிப்பட்டியலிடு.

இந்த எண்களிலிருந்து என்ன தெரியும்? நிட்சியா பாலியாவும் கோம்ஃபோனீமா பார்வுலமும் குவிந்தால் கழிவு கலக்கிறது. உவர்நீர் வகைகள் கடலுக்கு வெகுதூரத்தில் தென்பட்டால் உப்பு வேறெங்கிருந்தோ வருகிறது. வேசரின் மேல்கிளையான வெர்ரா ஆற்றில் பொட்டாஷ் சுரங்கங்களின் உப்புநீர் நெடுங்காலமாக விடப்பட்டதால், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே உவர்நீர் டயாட்டங்கள் வாழ்ந்தன. தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில் உவர்நீர் வகை கண்டால் உடனே கடல் என்று எழுதிவிடாதே. உப்பளம், ஆலைக் கழிவு எல்லாவற்றையும் யோசி.

இந்த ஊரிலேயே டயாட்ட ஆய்வாளர் ஃபிரீட்ரிஷ் ஹுஸ்டெட்டின் (1886–1968) கண்ணாடித் தொகுப்பு ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. பிரேமனில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜாவா, சுமத்ரா மாதிரிகளையும் ஆராய்ந்தார். அதனால் ஐரோப்பியப் பட்டியலில் கிடைக்காத வெப்பமண்டல வகைகளுக்கு அவர் வரைபடங்கள் உனக்கு உதவும். கடல் வகைகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தேசிகாச்சாரி வெளியிட்ட படத்தொகுதிகளைத் தேடு. ஐரோப்பியப் படத்தோடு கட்டாயப்படுத்திப் பொருத்தாதே. பொருந்தாவிட்டால் "நவிகுலா, இனம் 1" என்றே எழுது, அதில் வெட்கமில்லை.

கடலில் மிதக்கும் டயாட்டங்களைப் பற்றி இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன். ஒன்று மட்டும்: ஓடோன்டெல்லா சைனென்சிஸ், ஹாங்காங் கடலிலிருந்து விவரிக்கப்பட்டது, நம் கரையிலும் உண்டு. 1903-இல் வட கடலில் திடீரென்று தோன்றியது. கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். இப்போது இந்த ஊர்க்காரர் மாதிரிதான்.

மாதிரிகளை எனக்குத் தபாலில் அனுப்பாதே. 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்பச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். படம் போதும். ஒவ்வொரு ஓட்டுக்கும் குவியத்தை மேலும் கீழும் மாற்றி மூன்று படம், 10 மைக்ரோமீட்டர் அளவுகோலோடு, இடமும் தேதியும் கோப்பின் பெயரிலேயே. அளவுகோல் இல்லாத படத்துக்குப் பதில் எழுதமாட்டேன்.

அப்பா பூட்ஸ் இல்லாமல் ஆற்றில் இறங்க விடமாட்டார், அவர் சொல்வதைக் கேள். மழை முடிந்து தண்ணீர் வடிந்த பிறகே போ.

அன்புடன்,
அக்கா