ஓடிபி யாருக்கு வருகிறதோ, ஓட்டும் அவருக்கா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 ஜூன் 28 அன்று பிகாரில் நகர உள்ளாட்சித் தேர்தலில் கைப்பேசிச் செயலி வழியாக ஓட்டுப் போட வழி செய்தார்கள். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், வெளியூரில் பிழைப்பவர்கள் என்று சாவடிக்கு வர முடியாதவர்களுக்கான ஏற்பாடு அது, நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். இங்கேயும் வந்தால் நல்லதுதானே என்று என் மகன் கேட்கிறான். எங்கள் தெரு நலச் சங்கத் தேர்தலைப் பார்த்த பிறகு எனக்கு அப்படிச் சட்டென்று தலையாட்ட முடியவில்லை.

போன முறை சங்கத் தேர்தலைப் போனிலேயே நடத்தினார்கள். வீட்டுக்கு ஒரு ஓட்டு. வீடு அம்மா பெயரில் இருப்பதால் ஓட்டும் அம்மாவுக்குத்தான். அவருக்கு 76 வயது, கையில் இருப்பது பட்டன் போன், அதுவும் வந்தால் எடுத்துப் பேச மட்டும். அதனால் சங்கப் படிவத்தில் தம்பியின் எண்ணைக் கொடுத்திருந்தோம். கேஸ் புக்கிங்கில் இருந்து வங்கிக் கணக்கு வரைக்கும் எல்லா இடத்திலும் அந்த எண்தான். ஓடிபி அவனுக்குப் போனது, ஆபீசில் இருந்தபடியே போட்டுவிட்டான். சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, "எங்கடா போய்ப் போடணும்?" என்று கேட்டார். "போட்டாச்சும்மா" என்றான். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். தெருக்குழாயைச் சரி செய்து கொடுத்த பையனுக்குத்தான் போட நினைத்திருந்தார் என்று அப்புறம்தான் தெரிந்தது. தம்பி கெட்டவன் இல்லை, உதவி செய்ததாகவே இன்றும் நினைக்கிறான். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

1951-52 பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இருந்தே நீக்கப்பட்டார்கள். அதிலும் பிகார் போன்ற வட மாநிலங்களில்தான் அதிகம். அன்றைக்கு அப்பா பெயருக்குப் பின்னால், கணவன் பெயருக்குப் பின்னால் மறைந்த பெண்கள், இன்று வீட்டு ஆண்களின் போன் எண்ணுக்குப் பின்னால் மறையப் போகிறார்கள். பிகார் செயலியில் ஒரு எண்ணுக்கு இரண்டு வாக்காளர் வரை அனுமதித்தார்கள். சரி, அந்த இரண்டாவது ஆள் திரையைத் தன் கையால் தொட்டாரா, பக்கத்தில் யார் நின்றார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

சாவடியில் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய்விட்டால் மகனாவது மாமனாராவது, ஒருவரும் எட்டிப் பார்க்க முடியாது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் சின்னம் தெரியும், பீப் சத்தம் கேட்கும், தான் தொட்ட சின்னம்தானா என்று விவிபேட் சீட்டில் 7 விநாடி பார்க்கலாம். நம் வீடுகளில் பல பெண்களுக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரே இடம் அதுதான் என்பேன்.

எஸ்டோனியாவில் 2005-லிருந்து இணையத்தில் ஓட்டுப் போடுகிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கே ஒருமுறை போட்டதை மறுபடி மாற்றிப் போடலாம், கடைசியாகப் போட்டதுதான் செல்லும். சாவடிக்குப் போய்க் காகிதத்தில் போட்டால் இணைய ஓட்டு ரத்தாகிவிடும். யாராவது மிரட்டிப் போட வைத்தாலும் திருத்திக்கொள்ள ஒரு வழி. அந்த நாட்டைக் காட்டிப் பேசுபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம்மிடமே ஒரு நல்ல வழி இருக்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் 12டி படிவம் கொடுத்தால், அதிகாரிகளே தபால் வாக்குச்சீட்டோடு வீடு தேடி வந்தார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். அந்த வயது வரம்பைக் குறைக்கட்டும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கும் நிறைமாத கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கட்டும். அதற்கு மேல் செயலியும் வேண்டுமென்றால் வரட்டும், ஆனால் அதைக் காரணம் காட்டி ஒரு சாவடியைக்கூடக் குறைக்கக் கூடாது. செயலியில் பதிவு செய்தவர் மனம் மாறிச் சாவடிக்கு வந்தால் திருப்பி அனுப்பவும் கூடாது. எதையும் தொடங்கும் முன் மாநிலத் தேர்தல் ஆணையம் ஒவ்வொரு வார்டிலும் சொந்த எண் இல்லாத வாக்காளர்கள் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். அப்படி வருகிறவர்கள் கேள்வியை வீட்டு ஆண்களிடம் கேட்காமல் என் அம்மா மாதிரியானவர்களிடமே நேரில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்